அச்சுமுறிச்சான் உச்சிப் பலகை

ரொசெண்டாவுக்கு அன்று காலை ஒன்பது மணிக்கே தலை கிறுகிறுத்தது. பன்னிரண்டாயிரம் அடி உயரத்துக் காற்று அதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி, மலையின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டியில் பனியை வெட்டிக்கொண்டு ஏறி வந்த ஹால்வர்.

அவள் ஓட்டுவது ப்ளோயர். முன்வாயால் பனியைக் கடித்து, தலைமேல் இருக்கும் குழாய் வழியாக வானத்தில் துப்புகிற வண்டி. கார்னெட் ஊரில் அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் கை இருக்காது என்று அவளே சொல்லி வைத்திருந்தாள்.

அச்சுமுறிச்சான் கணவாயை நவம்பரில் மூடினால் மே மாதக் கடைசியில்தான் திறப்பார்கள். திறந்திருக்கும்போது மேற்கே இருக்கிற கார்னெட்டிலிருந்து கிழக்கே இருக்கிற டெலானிக்கு நாற்பது நிமிஷம். மூடிவிட்டால் மலைத்தொடரையே சுற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம். திறக்கிற வாரத்தில் இரண்டு ஊர் ஆட்களும் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப்பலகை நிற்கிறது. அதை எந்த ஊர் ஆள் முதலில் கையால் தொடுகிறாரோ அந்த ஊருக்கு வெற்றி. தோற்ற கும்பல் ஜூலை நான்காம் தேதி ஜெயித்த ஊரின் நடுத்தெருவில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஊருக்கே மாவும் முட்டையும் கலந்த பான்கேக் தோசை சுட்டுப் போட வேண்டும்.

மூன்று வருஷமாகக் கார்னெட்தான் சுட்டுக்கொண்டிருந்தது. போன வருஷம் டெலானி ஆட்கள் மேஸ்திரி எஃப்ரேனுக்குப் பூப்போட்ட ஏப்ரன் கொடுத்து, பின்னால் பெரிய முடிச்சாகப் போட்டு, நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அறுபது வயது மனிதர். அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

இந்த வருஷம் பான்கேக்கோடு ஒரு கல்யாணமும் பந்தயத்தில் சேர்ந்துகொண்டது.

போன அக்டோபரில், கணவாயை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், உச்சியில் வைத்து ஹால்வர் அவளைக் கேட்டான். மோதிரத்தை மறந்துவிட்டு வந்திருந்தான். மறந்தானா, வாங்கவே இல்லையா என்ற வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. கையில் கிடைத்த ஒரு சிவப்புத் துணிப் பட்டையை அவள் மணிக்கட்டில் கட்டி, "இப்போதைக்கு இதை வெச்சுக்க" என்றான். அவள் சரி என்றாள். அன்றைக்கு இருவரும் தலைகால் புரியாமல் ஆடின ஆட்டத்தைப் பார்க்க மலையில் வேறு ஆள் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம். மறுநாளே போனில் சண்டை ஆரம்பித்தது. யார் ஊரில் குடியிருப்பது?

ஹால்வருக்கு டெலானியில் தன் கையாலேயே கட்டின நீராவிக் குளியல் குடில் ஒன்றும் ஆறு கோழிகளும் இருந்தன. ரொசெண்டாவுக்குக் கார்னெட்டில் ஒரு வீடு. கூரைத் தகரம் ஒவ்வொன்றையும் அவளே ஏறி அடித்தது. ஆனால் விஷயம் கூரை இல்லை. அவளுடைய முதல் புருஷன் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, "பெட்டியைக் கட்டு, ஃபீனிக்ஸ் போறோம்" என்றான். வர்றியா என்று கேட்கவில்லை. அவள் கட்டினாள். மூன்று வருஷம் அந்த வெயிலில் வெந்துவிட்டு, அதே பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தாள். இனி எந்த ஆம்பளைக்காகவும் பெட்டி கட்ட மாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டாள்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதையாகப் போயிற்று. கடைசியில் மார்ச் மாதம் ஹால்வர்தான் சொன்னான். "பலகை சொல்லட்டும். நீ முதல்ல தொட்டா நான் அங்க வர்றேன். நான் தொட்டா நீ இங்க வா." தோற்கப்போவதில்லை என்ற திமிரில் அவள் ஒப்புக்கொண்டாள். திமிர் பகலில் மட்டும்தான் இருந்தது. படுத்த பிறகு, கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அதனால்தான் இன்றைக்கு அவளுக்கு இந்த வேகம்.

"கார்னெட், கார்னெட்," என்று ரேடியோ கரகரத்தது. ஹால்வர்தான். "எங்க இருக்க, ராசாத்தி?"

"மூணாவது கொண்டை ஊசி வளைவுலதான் கிடக்குறோம். சித்தப்பாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு," என்றாள் ரொசெண்டா. அவள் கடைசிக் கொண்டை ஊசியைத் தாண்டிக் கால் மணி ஆகியிருந்தது. "நீ?"

"என்னத்தச் சொல்ல. எஞ்சின் கொதிச்சு நிக்குது. இன்னிக்கு ஆகாதுபோல."

அவன் பின்னால் எஞ்சின் கல்யாணக் கொட்டு மாதிரி முழங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாகக் கேட்டது. இடையிடையே 'கொக்... கொக்' என்று வேறு ஏதோ சத்தம்.

"அது என்னடா கொக்குக் கொக்குங்குது?"

"ரேடியோ பழசு," என்று சொல்லிவிட்டு டக்கென்று அணைத்தான்.

இரண்டு பக்கமும் ரேடியோவில் பொய் சொல்வது அந்தப் பந்தயத்தின் மரியாதை. உண்மையைச் சொல்கிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். பின்னால் பிக்கப் வண்டியில் வந்த எஃப்ரேன், அவளுடைய அப்பாவின் சித்தப்பா மகன், ரேடியோவில் சிரித்தார்.

"எனக்கா இடுப்புப் பிடிச்சுது? மூணு வருஷம் அடுப்பு முன்னால குனிஞ்ச இடுப்பும்மா இது. இரும்பு! நீ ஓட்டு. நான் இந்தத் திருப்பத்துலயே நின்னு ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்துடறேன். உச்சி வந்ததும் ஒரு சத்தம் போடு, படம் எடுக்கணும்."

"இங்க பலகை தொடப்போறேன், உங்களுக்குக் காப்பி கேக்குதா சித்தப்பா?"

"ஜெயிக்கிறதைப் பார்க்கத் தெம்பு வேணாமா?"

அவள் தனியாக முன்னேறினாள். உச்சியில் பனி இருபதடி. சாலை எங்கே என்று கண்ணால் பார்க்க வழியில்லை. மூடுவதற்கு முன்னால் அக்டோபரிலேயே சாலையோரம் நெடுக மூங்கில் கழிகளை நட்டுவிடுவார்கள். மே மாதம் அவற்றின் நுனி மட்டும் பனிக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். பலகை வரைக்கும் மேற்கில் நடுவது கார்னெட் வேலை, கிழக்கில் நடுவது டெலானி வேலை. மேற்குக் கழிகளை நட்டது ரொசெண்டாவேதான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பி ஓட்டினாள். வண்டியின் தகடு தாரை உரசுகிற உறுமல் காலடியில் கேட்டது. தார் இருக்கிறது, கழி இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் பனி பெய்ய ஆரம்பித்தது.

அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்து வைத்த நீலம். பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் இடது பக்கச் சுவருக்கு மேலிருந்து பனி கூடை கூடையாக வந்து கண்ணாடியில் கொட்டியது.

"சித்தப்பா! வெயில் அடிக்குது, பனியும் பெய்யுது!"

"காத்து அடிக்கும்மா."

"இங்க காத்தே இல்லையே!"

"உசரத்துல மூளைக்கு அப்படித்தான் தோணும். மூச்சை இழுத்து விடு."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். ஒரு கூடைப் பனி கூடுதலாக வந்து விழுந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. எதற்கென்றே தெரியாத சிரிப்பு. பன்னிரண்டாயிரம் அடியில் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே பெரிய வரப்பு எதுவும் கிடையாது. 'எவ்வளவு வேணா கொட்டு' என்று அவளும் குழாயை இடது பக்கம் திருப்பி, வந்த பனியை வந்த திசைக்கே துப்பினாள்.

கழிகள் தீர்ந்தன. கடைசிக் கழிக்குப் பக்கத்தில் பலகை இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, இறங்கி, வலது பக்கச் சுவரில் நீளக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தாள். பனி. இரண்டடி தள்ளிக் குத்தினாள். அதுவும் பனி. ஒரு கழியோ இரண்டு கழியோ விழுந்திருக்கும், இன்னும் கொஞ்சம் முன்னால் இருக்கும் என்று ஏறி உட்கார்ந்து மறுபடி ஓட்டினாள். நூறு அடி போயிருப்பாள். முன்வாய் திடீரென்று வெறும் காற்றைக் கடித்தது. பனிச்சுவர் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது. எதிரே கருகருவென்று ஈரத் தார் சாலை, வெட்டி முடித்துச் சுத்தமாக, டெலானியை நோக்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓரமாக டெலானி மேஸ்திரி வில்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிரெட் தின்றுகொண்டிருந்தாள். கையில் பிரெட்டோடு அப்படியே எழுந்து நின்றாள்.

"நீ எப்படிடி இங்க வந்த?"

"நான் வந்தது இருக்கட்டும்க்கா. ஹால்வர் எங்க?"

"முன்னாலதானே வெட்டிட்டுப் போனான்! உன்னைப் பார்க்கலையா?"

ரேடியோவில் எஃப்ரேன் அலறினார். "ரொசெண்டா! ஏ ரொசெண்டா! சுவரை உடைச்சுக்கிட்டு ஒரு ப்ளோயர் என் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. காப்பியெல்லாம் மடியில! நீயான்னு பார்த்தா, உள்ள இந்தப் பய உட்கார்ந்து பல்லைக் காட்டுறான்!"

"வணக்கம் மேஸ்திரி," என்று ஹால்வரின் குரல் கேட்டது. "பலகை எங்க?"

"என்னையக் கேட்டா?"

ரேடியோ கரகரத்தது. பிறகு 'கொக்' என்றது.

ரொசெண்டா ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவப்புத் துணி. ஏழு மாதமாகக் குளிக்கும்போதுகூடக் கழற்றாதது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

அந்தத் துணி எதற்காக மலைக்குப் போனது என்று இப்போது நினைவு வந்தது. பலகைக்குப் பக்கத்தில் எல்லாக் கழியையும்விட நீளமான ஒன்றை நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். இருபதடிப் பனியிலும் பலகையைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அந்தத் துணியை எடுத்துத்தான் இந்த மகராசன் மோதிரம் ஆக்கினான். நீளக் கழியை யார் நட்டது? யாரும் நடவில்லை. அது போகட்டும். உச்சியில் சாலை இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒன்று சேரும். ஒன்று நேர்ச்சாலை. இன்னொன்று, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிற வளைவு. நடுவில் ஒரு திட்டு. பலகை அந்தத் திட்டில்தான் இருக்கிறது. சரி என்று சொன்ன சந்தோஷத்தில் அவள் மிச்சக் கழிகளைப் பாடிக்கொண்டே நட்டுப் போனாளே, நேர்ச்சாலையிலா நட்டாள்? வண்டி நிறுத்துகிற வளைவில் நட்டிருக்கிறாள்.

அவள் வளைவில் கிழக்கே போக, அவன் துணி கட்டின கழியைத் தேடிக்கொண்டே நேர்ச்சாலையில் மேற்கே போக, நடுவில் ஒரு பனிச்சுவரை வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதுவும் ஒருவர் தலையில் மற்றவர் பனியைக் கொட்டிக்கொண்டே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளும் உண்டு. கையில் அடையாளத்தைக் கட்டிக்கொண்டு பலகையைத் தேடியவள் இவள் ஒருத்திதான்.

மறைக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். முடியவில்லை. ரேடியோவை எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். பந்தய நாளில் ரேடியோவில் உண்மை பேசின முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

வில்மா சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தாள். எஃப்ரேன் சிரிக்கவில்லை.

"அப்ப யார் ஜெயிச்சது? அதைச் சொல்லுங்க முதல்ல. நான் இன்னொரு வருஷம் பூப்போட்ட ஏப்ரன் கட்ட மாட்டேன்!"

"பலகையைக் கையால தொட்டவங்க ஜெயிச்சவங்க," என்றாள் வில்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரும் தொடல. அதனால பந்தயம் இன்னும் முடியல. காதலிச்சுக் கெடுத்தது அவங்க ரெண்டு பேரு. அவங்களே தோண்டட்டும்."

ஆட்கள் ஏணி வைத்து ஏறித் திட்டு முழுக்கக் கம்பியால் குத்தினார்கள். முக்கால் மணி கழித்து ஒரு கம்பி 'டொக்' என்றது. மரம். அந்த இடத்துக்கு நேராக வளைவுப் பக்கச் சுவரில் ரொசெண்டாவையும், நேர்ச்சாலைப் பக்கச் சுவரில் ஹால்வரையும் நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு மண்வாரி, ஆளுக்குப் பதினைந்து அடி. எஃப்ரேன் விசில் ஊதினார்.

ஐந்து வாரல். ஆறாவதுக்கு நெஞ்சு வாய்க்கு வந்தது. பன்னிரண்டாயிரம் அடியில் மண்வாரி பிடிப்பது கீழே மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. பின்னால் கார்னெட் ஆட்கள் அவள் தள்ளின பனியை வாரி வெளியே வீசிக்கொண்டே கத்தினார்கள்.

"தோண்டும்மா, தோண்டு! அங்க அவன் பாட்டுப் பாடிக்கிட்டுத் தோண்டுறான்!"

உண்மைதான். பனிக்குள்ளிருந்து ஹால்வர் பாடுவது மங்கலாகக் கேட்டது. சுருதி எப்போதும்போலச் சேரவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் மூச்சு இல்லை, மூச்சு இல்லாவிட்டால் தோண்ட முடியாது. மண்டியிட்டுத் தோண்டினாள். பிறகு படுத்துக்கொண்டு தோண்டினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை நினைத்துத் தோண்டினாள். மண்வாரி மரத்தில் இடித்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சப் பனியை நகத்தால் பிறாண்டி, உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள்.

குளிர்ந்து, ஈரமாக, சொரசொரவென்று இருந்தது. அந்தப் பக்கம் ஹால்வர் இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.

சொல்லாமல் இருக்கலாம், அவனும் வந்து சேரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து தொட்டதாகச் சொல்லிவிடலாம் என்று வேறொருத்தியாக இருந்தால் நினைத்திருப்பாள். ரொசெண்டாவுக்கு அந்த நல்ல புத்தியெல்லாம் கிடையாது.

"தொட்டாச்சு!" என்று மலை அதிர அலறினாள். "கார்னெட் தொட்டாச்சு! நான் எங்கயும் போகல! நான் எங்கயும் போக மாட்டேன்!"

வெளியே எஃப்ரேன் குதித்தார். இரும்பு இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. அதையும் பொருட்படுத்தாமல் மறுபடி குதித்தார்.

பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கப் பனி உதிர்ந்து ஓர் ஓட்டை விழுந்தது. ஹால்வரின் சிவந்த மூக்கும் பனி ஒட்டின தாடியும் தெரிந்தன.

"தோத்துட்டேனா?"

"நல்லாத் தோத்துட்ட."

"எவ்வளவு அடியில?"

"மூணடி."

"பாடாம இருந்திருக்கலாம்," என்றான் வருத்தத்தோடு. மண்வாரியை அவன் எறிந்த வேகத்தில் அவன் உயிரைக் கொடுத்துத் தோண்டினான் என்பது அவளுக்குத் தெரிந்தது. விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஜெயித்த சந்தோஷத்துக்குக் குறைவில்லாமல் இருந்தது.

"இரு, வர்றேன்," என்று பின்வாங்கித் தவழ்ந்து போனான். சுற்றி வரப்போகிறான் என்று நினைத்து அவளும் வெளியே வந்து உட்கார்ந்தாள். அவன் வந்தான், ஆனால் கை வீசிக்கொண்டு வரவில்லை. மார்போடு அணைத்து ஒரு மரக்கூண்டைத் தூக்கி வந்தான். மேலே ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. உள்ளே ஆறு கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று, பன்னிரண்டாயிரம் அடியைப் பற்றிய தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.

"ரேடியோ பழசுன்ன?"

"பந்தய நாள்ல உண்மை பேசலாமா?"

"இதுங்களை எப்ப ஏத்தின?"

"காலையில. அஞ்சு மணிக்கு."

ரொசெண்டா கூண்டைப் பார்த்தாள். காலை ஐந்து மணிக்கு வண்டிகளே கிளம்பியிருக்காது.

"நீ ஜெயிச்சிருந்தா?"

"திருப்பித் தூக்கிட்டுப் போயிருப்பேன். அதுங்களுக்கும் ஊர் சுத்தின மாதிரி இருந்திருக்கும்."

"ஜெயிக்கணும்னுதானே வந்த? பின்ன எதுக்கு இதுங்களைக் கட்டித் தூக்கிட்டு வந்த?"

ஹால்வர் தாடியிலிருந்த பனியைத் தட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனுக்குக் கூச்சம்.

"ஒருவேளை தோத்துட்டா," என்றான், "உன் வீட்டு வாசல்ல வெறுங்கையோட வந்து நிக்கக் கூடாதில்ல."

அவள் வாழ்க்கையில் பெட்டி கட்டின ஆள் எப்போதும் அவள்தான். பந்தயம் தொடங்குவதற்கு முன்னாலேயே, கேட்காமல் கொள்ளாமல், ஒருத்தன் அவளுக்காகக் கோழிக் கூண்டைக் கட்டி வைத்திருக்கிறான். தான் தோற்றால் தேவைப்படுமே என்று அவள் ஒரு சாக்ஸைக்கூட எடுத்து வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, நன்றாகவே அழுதாள். அழுகையோடு சிரிப்பும் கலந்துவிட்டதால் சுற்றி நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"உசரம்," என்றார் எஃப்ரேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "மூச்சை இழுத்து விடச் சொல்லுங்க."

ரொசெண்டா மணிக்கட்டிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தாள். ஹால்வரின் முகம் வெளுத்தது.

"ஏய், எதுக்கு அவுக்கிற?"

"நீளக் கழிக்குக் கட்டணும்ல, கழி நடுற வரைக்கும் பலகையில கிடக்கட்டும். அடுத்த வருஷமும் இந்தக் கூத்து வேணுமா?" என்று சொல்லி, பனியைத் தோண்டி எடுத்த பலகைக் காலில் அதை இறுக்கிக் கட்டினாள். "நீ போய் ஒழுங்கா ஒரு மோதிரம் வாங்கிட்டு வா. இப்ப எல்லாக் கடையும் நாற்பது நிமிஷம்தான்."

கூண்டை அவள்தான் வாங்கித் தன் ப்ளோயருக்குள் வைத்தாள். சூடாக்கியைத் திருப்பி அதன் பக்கம் விட்டாள். கீழே கார்னெட்டுக்கு இறங்கும்போது மூன்றாவது கொண்டை ஊசியில் உள்ளே பெரிய கூச்சல் எழுந்தது. வண்டியை நிறுத்திக் கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். வைக்கோலில் ஒரு பழுப்பு முட்டை.

ரேடியோவை எடுத்தாள்.

"டெலானி, டெலானி. வில்மாக்கா, ஜூலை நாலுக்கு ஏப்ரன் மட்டும் கொண்டு வாங்க. முட்டை நாங்க தர்றோம்."

"பூப்போட்ட ஏப்ரன்!" என்று பின்னாலிருந்த பிக்கப்பிலிருந்து எஃப்ரேன் கத்தினார்.